இயந்திரம் வாங்கினோம், பராமரிப்பை வாங்கினோமா?

மூணாற்றுக்கு அப்பால் ஒரு தேயிலைத் தோட்டத்தில், லயத்து வீடொன்றில் என் அத்தை முறையினர் ஒருவர் வாழ்கிறார். கொழுந்து பறிக்கும் கைகளுக்கு ஓய்வு வேண்டும் என்று, மகனின் வற்புறுத்தலால் மேற்புறம் திறக்கும் முழுத் தானியங்கிச் சலவை இயந்திரம் ஒன்றைத் தவணையில் வாங்கினார். லயத்துக்குப் பொதுக்குழாயில் காலையில் சிறிது நேரம் தண்ணீர் வரும். அதைப் பிடித்து வைக்கும் பீப்பாய், தரையோடு தரையாக வீட்டின் பின்புறம் நிற்கிறது. அந்தப் பீப்பாயிலிருந்து இயந்திரத்துக்குள் தண்ணீர் தானாக ஏறாது. குழாயோடு நேராக இணைத்தபோது டிரம் நிரம்ப ஒரு மணி நேரமாயிற்று. பாதியில் பிழைக்குறி காட்டி நின்றது. இரண்டு மாதம் போராடிப் பார்த்தார். இப்போது அதன்மேல் அரிசி மூட்டை இருக்கிறது. தவணை மட்டும் மாதம் தவறாமல் ஓடிக்கொண்டிருக்கிறது.

என் வீடு கொழிஞ்சாம்பாறைப் பக்கம். எங்களுக்கு மேல்நிலைத் தொட்டி உண்டு; அழுத்தத்துக்குக் குறைவில்லை. ஆயினும் எங்கள் இயந்திரம் மூன்றாம் ஆண்டிலேயே முனகத் தொடங்கியது. வந்த மெக்கானிக் டிரம்மைக் கழற்றி அதன் வெளிப்புறத்தைக் காட்டினார். சுண்ணாம்பு அடித்த சுவரைப் போல வெள்ளைப் படலம் விரல் நகத்தின் கனத்துக்குப் படிந்திருந்தது. என் தாயாரைப் பார்த்து அவர் சொன்னது இன்றும் நினைவில் நிற்கிறது: “அம்மா, மெஷின் மேல குத்தம் இல்லைங்க. போர் தண்ணிய இது குடிக்குது. நீங்க மாசத்துக்கொரு தடவை அதுக்கு வயித்தக் கழுவி விடலை.”

இவ்விரு வீடுகளிலும் கெட்டுப்போனது இயந்திரம் என்று சொல்வது எளிது. உண்மையில் கெட்டுப்போனது வாங்கும் முன் செய்திருக்க வேண்டிய யோசனை. எந்த நிறுவனத்தின் இயந்திரம் நீடித்து உழைக்கும் என்ற கேள்வியோடு நாம் கடைக்குச் செல்கிறோம். அதற்கு முன்பே கேட்க வேண்டிய கேள்வி வேறு: என் வீட்டுத் தண்ணீருக்கும், மின்சாரத்துக்கும், கைக்கெட்டும் தூரத்திலுள்ள மெக்கானிக்குக்கும் எந்த இயந்திரம் பொருந்தும்? எல்லையோரத் தமிழர்களாகிய நமக்கு இந்தக் கேள்வி மற்றவர்களைவிடச் சற்றுக் கூடுதலாகவே தேவைப்படுகிறது என்பது என் கருத்து.

ஒரே இயந்திரம், இருவேறு நோய்கள்

பாலக்காட்டுக் கணவாயின் காற்று வீசும் சித்தூர் வட்டாரம் கேரளத்தின் மழை மறைவுப் பகுதி. வேலந்தாவளம் முதல் கோவிந்தாபுரம் வரை வீடுகளும் தோப்புகளும் ஆழ்துளைக் கிணறுகளை நம்பியே இருக்கின்றன. நிலத்தடி நீர் அளவுக்கு மீறி எடுக்கப்படும் பகுதி என்று மத்திய நிலத்தடி நீர் வாரியத்தால் முன்பு வகைப்படுத்தப்பட்டிருந்த வட்டாரம் இது. ஆழத்திலிருந்து வரும் நீரில் கால்சியமும் மெக்னீசியமும் கலந்திருக்கும். குடிநீரின் மொத்தக் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருப்பது நலம் என்றும், வேறு வழியில்லாத இடத்தில் 600 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்றும் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் 2012ஆம் ஆண்டுத் தரநிலை கூறுகிறது. மனித உடல் பொறுத்துக்கொள்ளும் அந்த நீரைச் சலவை இயந்திரம் அவ்வளவு எளிதில் பொறுத்துக்கொள்வதில்லை. உப்பு முதலில் நீர் நுழையும் குழாய்முனையின் சல்லடையை அடைக்கிறது. பிறகு டிரம்மின் பின்புறத்திலும் அடியிலுள்ள பல்சேட்டரின் கீழும் படிகிறது. சோப்புடன் சேர்ந்து பிசுக்காகித் துணியைச் சொரசொரப்பாக்குகிறது. நுரை வரவில்லையே என்று நாம் தூளை அள்ளிப் போடுகிறோம். கரையாத தூளும் படலத்தோடு படலமாகச் சேர்கிறது.

இடுக்கி மலையில் நிலைமை நேர்மாறு. மறையூரின் மழை மறைவுச் சரிவை விட்டுவிட்டால், தேவிகுளம், பீர்மேடு, வண்டிப்பெரியாறு ஆகிய இடங்களில் நீர்ப்பஞ்சம் பொதுவாக இல்லை. ஓடைநீர் மென்மையானது, சிறிது தூளுக்கே நுரை பொங்கும். சமவெளியில் பழகிய அளவில் அங்கே தூள் போட்டால் நுரை மிகுந்து, அலசல் முடியாமல் இயந்திரம் தவிக்கும். நுரையின் இழுவையால் பிழியும் வேகமும் குறையும். மார்கழிக் குளிரில் மூணாற்றின் வெப்பநிலை சில நாள்களில் உறைநிலையைத் தொடுகிறது. அந்தத் தண்ணீரில் தூள் கரையாமல் துணியிலேயே வெள்ளைத் திட்டாக ஒட்டும். ஒரு செம்பு வெந்நீரில் கரைத்து ஊற்றினால் இந்தத் தொல்லை தீரும்.

மலையின் மற்றொரு பகை ஈரம். ஆனி, ஆடி மாதங்களில் சுவரே வியர்க்கும் வீடுகளில், இயந்திரத்தின் மூளையாகிய மின்சுற்றுப் பலகையும் வியர்க்கிறது. துலாவர்ஷ மாதங்களின் பிற்பகல் இடிமின்னல் ஒருபுறம், மின்னழுத்தத்தின் ஏற்ற இறக்கம் மறுபுறம். மலையில் மெக்கானிக்கைத் தேடிப்போகும் பழுதுகளில் பெரும்பாலானவை இந்தப் பலகையில்தான் என்பது நான் கண்ட அனுபவம். ஆகவே கொழிஞ்சாம்பாறைக்காரர் முதலில் செலவிட வேண்டியது தண்ணீரின் மேல். குமுளிக்காரர் முதலில் செலவிட வேண்டியது ஸ்டெபிலைசர், நல்ல எர்த் இணைப்பு, உலர்ந்த இடம் ஆகியவற்றின் மேல். இரண்டு ஊருக்கும் ஒரே விளம்பரம் ஓடுகிறது. அறிவுரை ஒன்றாக இருக்க முடியாது.

எது உயர்வு, எது தாழ்வு?

முழுத் தானியங்கி வாங்குவது உயர்வு, இரண்டு தொட்டிகள் கொண்ட அரைத் தானியங்கி வாங்குவது தாழ்வு என்ற எண்ணம் நம்மிடையே வேரூன்றிவிட்டது. கடைக்காரரும் அதையே வளர்க்கிறார். எளிய கணக்கு ஒன்றைப் பார்ப்போம். தொட்டியின் நீர்மட்டம் இயந்திரத்தின் குழாயைவிட 10 மீட்டர் உயரத்தில் இருந்தால் ஏறத்தாழ 1 பார் அழுத்தம் கிடைக்கும். கையேட்டில் குறைந்தபட்சம் 0.5 பார் என்று குறித்திருந்தால், தொட்டி ஏறக்குறைய 5 மீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும். ஓட்டு வீட்டின் தாழ்வாரத்தில் வைத்த சிறு தொட்டியால் இது ஆகாது. அழுத்தம் கூட்டும் சிறு மோட்டார் வைக்கலாம். அது இன்னொரு செலவு, இன்னொரு பழுது.

அரைத் தானியங்கியிலோ வாளியால் தண்ணீர் ஊற்றலாம். ஒரு முறை துவைத்த சோப்புநீரில் அடுத்த அழுக்குத் துணியையும் போடலாம். மின்சாரம் நின்றால் எந்தக் கட்டத்தில் நின்றது என்று நமக்கே தெரியும். உதிரிப்பாகங்கள் குறைவு, உள்ளூர் மெக்கானிக்கே சரிசெய்துவிடுவார். அலசும் தொட்டியிலிருந்து பிழியும் தொட்டிக்குத் துணியைக் கையால் மாற்ற வேண்டும் என்பது குறைதான். ஆனால் தோட்டத் தொழிலாளர் வீட்டில், மழைக்காலத்தில், ஒரு பெண்ணின் தோளையும் மணிக்கட்டையும் முறிப்பது துவைப்பதைக் காட்டிலும் பிழிவதுதான். கம்பளியையும் போர்வையையும் பிழிந்து தரும் எந்த இயந்திரமும் அவளுக்கு வரமே. என் அத்தைக்கு அரைத் தானியங்கி வாங்கித் தந்திருந்தால், விலையும் குறைந்திருக்கும். அரிசி மூட்டைக்கு வேறு இடம் தேட வேண்டியிருக்கும்.

நீர் குறைந்த பகுதியினருக்கு மற்றொன்று. மேற்புறம் திறக்கும் முழுத் தானியங்கிகள் துணியை நீரில் மூழ்கவைத்துத் துவைப்பவை. முன்புறம் திறப்பவற்றைவிடக் கூடுதலாகத் தண்ணீர் கேட்கும். ஒரு முழுச் சலவைக்கு நூறு லிட்டரைத் தாண்டுபவையும் உண்டு. லாரித் தண்ணீர் வாங்கும் கோடையில் அது பணமாகவே வெளியேறுகிறது. கடைசி அலசலில் வரும் தெளிந்த நீரைத் தனி வாளியில் பிடித்தால், முற்றம் கழுவவாவது உதவும்.

பழுதுகள் சொல்லும் பாடம்

‘மோட்டாருக்குப் பத்தாண்டு உத்தரவாதம்’ என்ற வாசகத்தைக் கண்டு நாம் மயங்குகிறோம். மோட்டார் எளிதில் கெடுவதில்லை என்பதால்தான் அதற்கு அவ்வளவு தாராளம். அன்றாடம் கெடுபவை வேறு: நீரை உள்ளே விடும் வால்வு, கழிவுநீர் பம்பு, பெல்ட்டு, டிரம்மைத் தாங்கும் நான்கு சஸ்பென்ஷன் கம்பிகள், மூடியின் சுவிட்சு, மின்சுற்றுப் பலகை. இவற்றுக்கு உத்தரவாதம் எத்தனை ஆண்டு, வீட்டுக்கு வந்து பார்க்கும் கட்டணம் அதில் அடங்குமா, எலி கடித்தாலும் மின்னழுத்தம் ஏறினாலும் பொறுப்பேற்பார்களா என்று கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள். நீட்டிக்கப்பட்ட உத்தரவாதம் என்று கூடுதல் தொகை கேட்கும்போதும், எதற்குப் பொருந்தாது என்னும் பகுதியையே முதலில் படிக்க வேண்டும்.

எலி என்றது விளையாட்டுக்கு அன்று. மேற்புறம் திறக்கும் இயந்திரங்கள் பலவற்றின் அடிப்பகுதி திறந்தே இருக்கும். தோப்பு வீடுகளில் எலிக்கு அதைவிட வெதுவெதுப்பான இடம் இல்லை. சில நூறு ரூபாய்க்குள் முடியும் கம்பிவலை ஒன்று, பல ஆயிரம் ரூபாய் வயர்த்தொகுப்பைக் காக்கும்.

பிழியும்போது இயந்திரம் தடதடவென ஆடினால் பெரும்பழுது என்று அஞ்ச வேண்டாம். பெரும்பாலும் துணி ஒரு பக்கம் ஒதுங்கியிருக்கும். அல்லது கால்கள் சமமாக நிற்கவில்லை. மூடியின்மேல் ஒரு தட்டில் தண்ணீர் வைத்துப் பார்த்தால் சாய்வு தெரிந்துவிடும். இரண்டையும் சரிசெய்த பிறகும் ஆட்டம் நிற்கவில்லையெனில் சஸ்பென்ஷன் கம்பி தளர்ந்திருக்கலாம். அப்போது ஓட்டாமல் மெக்கானிக்கை அழைப்பதே நல்லது. செங்கல் அடுக்கி அதன்மேல் இயந்திரத்தை ஏற்றும் பழக்கம் ஆபத்தானது.

மலைவாசிகள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. மழைக்கோட்டு, தார்ப்பாய், நீர் புகாத மெத்தை உறை ஆகியவற்றை ஒருபோதும் இயந்திரத்தில் போட்டுப் பிழியக் கூடாது. அவற்றினுள் தேங்கும் நீர் வெளியேற வழியின்றி ஒரு பக்கமாகத் திரண்டு, சுழலும் டிரம்மை நிலைகுலையச் செய்யும். இது வெறும் அச்சமன்று. 2016 நவம்பரில் அமெரிக்காவில் சாம்சங் நிறுவனம், மேற்புறம் திறக்கும் ஏறத்தாழ 28 லட்சம் இயந்திரங்களைத் திரும்பப் பெறும் அறிவிப்பை வெளியிட்டது. பிழியும்போது மிகையாக அதிர்ந்து மேல்மூடிப் பகுதியே பிரிந்து தெறிக்கக்கூடும் என்பதே காரணம். பேர்பெற்ற நிறுவனத்தின் பொருளும் சுழற்சியின் விதிக்கு விலக்கு அன்று என்பதை அந்நிகழ்ச்சி உலகுக்கு உணர்த்திற்று.

பராமரிப்பு என்பது பெரிய கலை அன்று, பழக்கமே. மாதம் ஒருமுறை துணியின்றி, டிரம் கழுவும் சுற்றில் ஓடவிட வேண்டும். உப்புநீர் வீடுகளில் அதனுடன் உப்புப் படலத்தைக் கரைக்கும் தூள் அல்லது சிட்ரிக் அமிலம் சேர்க்கலாம். ஆனால் அமிலத்தையும் பிளீச்சிங் திரவத்தையும் ஒருங்கே கலக்கவே கூடாது, நச்சுவாயு எழும். நூல்தூசி சேரும் வலைப்பையை வாரந்தோறும் உதற வேண்டும். குழாய்முனைச் சல்லடையைச் சில மாதங்களுக்கு ஒருமுறை கழற்றிப் பழைய பல்துலக்கியால் தேய்த்தால் போதும். வேலை முடிந்ததும் மூடியைச் சிறிது நேரம் திறந்துவைத்தால் நாற்றம் அண்டாது; சிறு குழந்தைகள் உள்ள வீட்டில் அந்த நேரத்தில் கண் அதன்மேல் இருக்கட்டும். 7 கிலோ என்பது உலர்ந்த துணியின் எடை. ஈரத்துணியின் எடை அன்று. சித்தூர்ப் பக்கத்துக் கரிசல் மண் படிந்த வேட்டியை முதலில் வெளியே ஒருமுறை அலசுங்கள். ஏலத்தோட்டத்தில் மருந்தடித்து வந்தவரின் உடைகளைத் தனியாகவே துவையுங்கள். குழந்தையின் துணியோடு சேர்க்காதீர்கள். இயந்திரத்தின் உடலைத் தொட்டால் சுருக்கென்று மின்சாரம் உணர்ந்தால், அன்றே ஓட்டத்தை நிறுத்தி எர்த் இணைப்பைச் சோதியுங்கள். இதில் நாளைக்கு என்ற பேச்சே கூடாது.

கணக்கும் உரிமையும்

வங்கியின் இதழைப் படிப்பவர்களிடம் கணக்குப் பேசாமல் இருக்க முடியாது. 18,000 ரூபாய்க்கு வாங்கிய இயந்திரம் ஒன்பது ஆண்டு உழைத்தால் ஆண்டுக்கு 2,000 ரூபாய் ஆகிறது. நான்கே ஆண்டில் நின்றுவிட்டால் 4,500 ரூபாய். இவ்வளவு வேறுபாட்டை எந்தத் திருவிழாத் தள்ளுபடியும் ஈடுசெய்யாது. இயந்திரம் வாங்கிய மாதமே மாதம் 100 ரூபாய் வீதம் ஒரு தொடர் வைப்பைத் தொடங்குங்கள். ஐந்தாண்டில் 6,000 ரூபாயும் அதன் வட்டியும் கையில் இருக்கும். பழுது வரும் நாளில் கைமாற்றுக் கேட்க வேண்டியதில்லை; பழுதே வராவிட்டால் அடுத்த இயந்திரத்துக்கு முன்பணம் ஆயிற்று.

‘வட்டியில்லாத் தவணை’ என்ற சொல்லையும் சற்று உரசிப் பார்க்க வேண்டும். பூஜ்ய வட்டி என்று ஒன்று உண்மையில் இல்லை என்பதை இந்திய ரிசர்வ் வங்கி 2013ஆம் ஆண்டிலேயே வங்கிகளுக்குச் சுட்டிக்காட்டியது. வட்டி சில வேளைகளில் செயலாக்கக் கட்டணமாகவும், சில வேளைகளில் ரொக்க விலையில் கிடைக்கவேண்டிய தள்ளுபடியை இழப்பதாகவும் வேறு வேடத்தில் வருகிறது. ரொக்க விலை எவ்வளவு, தவணை முடிந்தபின் மொத்தம் எவ்வளவு என்று இரண்டு எண்களையும் எழுதி வாங்குங்கள்.

எல்லையோர மக்களின் பெரிய குறை இனிமேல்தான் வருகிறது. கொழிஞ்சாம்பாறைக்காரர் பொள்ளாச்சியில் வாங்குகிறார்; குமுளிக்காரர் கம்பத்தில் வாங்குகிறார். பழுது வந்தால், விற்ற ஊர் ஒரு மாநிலம், வீடு இருக்கும் ஊர் மற்றொரு மாநிலம். இந்தச் சேவை மையம் அந்தச் சேவை மையத்தைக் கைகாட்டும். நானும் இரண்டு வாரம் அப்படி அலைந்தவன். பலரும் மனம் சோர்ந்து விட்டுவிடுகிறார்கள்.

விட்டுவிடத் தேவையில்லை. 2020 சூலையில் நடைமுறைக்கு வந்த 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், வாங்கியவர் தாம் குடியிருக்கும் இடத்து அல்லது தொழில் செய்யும் இடத்து மாவட்ட ஆணையத்திலேயே முறையிடலாம் என்கிறது. பழைய சட்டத்தில் இந்த வசதி இல்லை. கம்பத்தில் வாங்கிய பொருளுக்கு இடுக்கி மாவட்ட ஆணையத்தில் வழக்குத் தொடுக்கலாம். பொள்ளாச்சியில் வாங்கியதற்குப் பாலக்காட்டில் தொடுக்கலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணமும் இல்லை. வழக்கறிஞரின்றித் தாமே வாதாடலாம். குறை தோன்றிய நாளிலிருந்து இரண்டாண்டுக்குள் முறையிட வேண்டும். அதற்கு முன்படியாக 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைத்தால், பல வேளைகளில் அங்கேயே தீர்வு கிடைத்துவிடும். பட்டியல் இல்லாமல் வாங்கினால் இவை அனைத்தும் வீண். வரியை மிச்சப்படுத்துவதாகச் சொல்லித் துண்டுச்சீட்டு தருபவரிடம், உங்கள் உரிமையையே நீங்கள் விற்றுவிடுகிறீர்கள்.

நிறுவனங்களுக்கும் அரசுக்கும் சொல்ல வேண்டியது இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2021 மார்ச் முதல், ஒரு வகைச் சலவை இயந்திரத்தின் விற்பனை நின்றபின்னும் முக்கிய உதிரிப்பாகங்கள் பத்தாண்டுக் காலம் கிடைக்கச் செய்யவேண்டும் என்பது விதி. நம் நாட்டிலும் பழுதுநீக்கும் உரிமைக்கென நுகர்வோர் விவகாரத் துறை 2022 திசம்பரில் ஓர் இணையதளத்தைத் தொடங்கியது. நல்ல தொடக்கம், ஆனால் இணையதளம் பெல்ட்டையும் வால்வையும் கொண்டுவந்து தராது. உதிரிப்பாகம் எத்தனை ஆண்டு கிடைக்கும் என்பதை விலைச்சீட்டின் பக்கத்திலேயே அச்சிடும் கடமை இங்கும் வேண்டும். தமிழர் செறிந்து வாழும் இந்தப் பகுதிகளில் விற்கும் இயந்திரத்துக்குத் தமிழிலும் கையேடு வேண்டும். படிக்க இயலாத கையேட்டைப் பின்பற்றவில்லை என்று சொல்லி உத்தரவாதத்தை மறுப்பது நியாயமாகாது.

சென்ற மாதம் என் அத்தை வீட்டுக்குப் போயிருந்தேன். மகன் இரும்புத் தாங்கி ஒன்று செய்து, சிறு தொட்டியை லயத்தின் மேட்டுப்பக்கம் ஏற்றும் ஏற்பாட்டில் இருக்கிறான். சரிவு நிலம் என்பதால் உயரம் இயற்கையாகவே கிடைத்துவிடுமாம். ஆறு மீட்டர் அளந்துவிட்டதாகச் சொன்னான். வாங்கும் முன் அளந்திருக்க வேண்டிய அளவு அது. இப்போதாவது அளந்தானே என்று மனநிறைவோடு திரும்பினேன். இயந்திரம் வாங்க எண்ணும் வாசகர்கள், கடைக்குப் போகுமுன் தங்கள் வீட்டில் ஓர் அளவுநாடாவையும் ஒரு குவளைத் தண்ணீரையும் கையில் எடுக்க வேண்டும் என்பதே என் வேண்டுகோள். தொட்டியின் உயரத்தை அளந்துகொள்ளுங்கள். தண்ணீரில் சோப்பு நுரைக்கிறதா என்று பாருங்கள். உங்கள் பணம் உழைக்குமா, மூட்டை சுமக்குமா என்பதை அவ்விரண்டுமே பெரும்பாலும் சொல்லிவிடும்.